பழைய தாளைக் கண்டு பயம் ஏன்?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஓர் உபதேசம் அடிக்கடி காதில் விழுகிறது. "பழைய ரிக்கார்டுகளைத் தோண்டாதீர்கள், ஊர் ஒற்றுமை கெட்டுப்போகும். இன்று பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். நூறு வருஷத்துக் கதை இப்போது எதற்கு?"

இந்த உபதேசத்தைச் செய்வது யார்? கூலி வேலைக்குப் போகிறவர்களா? களை பறிக்கும் பெண்களா? இல்லை. நெடுஞ்சாலை ஓரத்து நிலத்தைக் கூறு போட்டு, கல் நட்டு, கொடி கட்டி, மனை என்று விற்பவர்களும், அவர்களுடைய உறவினர்களும், அவர்களுக்கு வேண்டிய அரசியல்வாதிகளுமே இப்படிப் பேசுகிறார்கள்.

ஆனால் இதே ஆசாமிகள் கோயிலில் பரிவட்டம் யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறு வந்தால் என்ன செய்கிறார்கள்? முந்நூறு வருஷத்துச் செப்பேட்டையும் ஓலையையும் தூசி தட்டி எடுத்துவருகிறார்கள்! அப்போது மட்டும் பழைய கதை தேவைப்படுகிறது. கூலிக்காரன் தன் பாட்டனுக்குச் சர்க்கார் கொடுத்த ஓர் ஏக்கர் எங்கே போயிற்று என்று கேட்டால் பழைய கதை கூடாதாம்!

பழைய தாள்களைப் பற்றி அவர்களுக்கு என்ன பயம்? அதை இங்கே பார்ப்போம்.

ஊர் வரலாறு எங்கே இருக்கிறது?

ஊர் வரலாறு என்றால் கோட்டையும் கோயிலும் ராஜாவும்தான் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். தென்னாற்காடு ஜில்லாவைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரி கார்ஸ்டின் 1878-இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பிரான்சிஸ் என்ற இன்னொரு அதிகாரி 1906-இல் கெஜட்டியர் எழுதினார். செஞ்சிக் கோட்டையை யார் பிடித்தார்கள், எந்தத் துரை எப்போது கலெக்டராக வந்தார், கிஸ்தி எவ்வளவு வசூலாயிற்று என்பதெல்லாம் அவற்றில் உண்டு. கிஸ்தி கட்டுவதற்கான நெல்லை விளைவித்தவனின் பேர் அவற்றில் இல்லை.

அவன் பேர் இருப்பது வேறு இடத்தில். பைமாஷ் கணக்கு, செட்டில்மெண்ட் ரிஜிஸ்தர், 'அ' பதிவேடு, அடங்கல், சிட்டா, பத்திர ஆபீஸ் புத்தகம் ஆகியவைதான் உழைப்பாளியின் வரலாற்று நூல்கள். எந்த சர்வே நம்பர் நஞ்சை, எது புஞ்சை, எது தரிசு, எது புறம்போக்கு, யார் பேரில் பட்டா, என்ன நிபந்தனை என்று அவை வரிசையாகச் சொல்கின்றன. கவிதை இல்லை, கற்பனை இல்லை. ஊரின் சொத்து யாரிடமிருந்து யாரிடம் போயிற்று என்ற வரலாறு முழுவதும் அந்தக் கலங்களில் இருக்கிறது.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் உள்ள இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களைப் பற்றிக் கணக்கெடுத்தார். 1918-இல் அது புத்தகமாக வந்தது. அதில் 'எருவெள்ளிப்பேட்' என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும் ஊர் இந்த இருவேல்பட்டுதான். 1936-37-இல் தாமஸும் ராமகிருஷ்ணனும் அதே ஊரை மறுபடி ஆராய்ந்தார்கள். 1983-இல் குகனும் ஜோன் மென்ச்சரும் அதைப் பற்றி எழுதினார்கள். 2010-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் 1916 முதல் 2008 வரையிலான அந்த ஊரின் நிலம், உழைப்பு, சாதி அரசியல் ஆகியவற்றைத் தொகுத்து எழுதினார்கள். ஏறக்குறைய நூறு வருஷம் தொடர்ந்து ஆராயப்பட்ட இப்படிப்பட்ட கிராமங்கள் நம் நாட்டில் மிகச் சில. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் சூழ்ந்தபோது நிவாரணம் கேட்டு மக்கள் சாலையில் இறங்கி நின்றது இதே ஊரில்தான்.

அந்தப் பழைய ஏடுகள் என்ன சொல்கின்றன? ரெட்டியார் பண்ணைகளின் ஆதிக்கத்தில் ஊர் இருந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் 'படியாள்'களாக இருந்தார்கள். படியாள் என்றால் என்ன என்பதை நம் பெரியவர்களிடம் கேளுங்கள், தோழர்களே! கலியாணத்துக்கு, கருமாதிக்குப் பண்ணையில் கொஞ்சம் கடன் வாங்குவான். அந்தக் கடன் தீராது. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழுவான்; மகனுக்குப் பிறகு பேரன் மாடு மேய்ப்பான். ஊர்க்காரனுக்குத் தெரிந்த இந்த உண்மையை ஸ்லேட்டரின் புத்தகமும் எழுதி வைத்திருக்கிறது.

2008-இல் நிலைமை என்ன? படியாள் முறை போய்விட்டது, பண்ணையின் பிடி தளர்ந்துவிட்டது, ஆட்கள் வெளி வேலைக்குப் போகிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்கிறார்கள். மெய்தான். நாமும் அதைப் பார்க்கிறோம். பிடி தளர்ந்ததில் நம் சங்கங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறோம்: பிடி தளர்ந்தது என்பதும் நிலம் கிடைத்தது என்பதும் ஒன்றா?

விடுதலை வந்தது, நிலம் வரவில்லை

1801-இல் கர்நாடக நவாபிடமிருந்து தென்னாற்காடு கும்பினியார் கைக்குப் போயிற்று. 1819-இல் வருவாய் வாரியம், ஜில்லாக்களில் அடிமை முறை எப்படி இருக்கிறது என்று கலெக்டர்களைக் கேட்டது. விற்கவும் அடமானம் வைக்கவும் கூடிய மனிதர்கள் தமிழ் ஜில்லாக்களில் இருந்தார்கள் என்பது அந்தப் பதில்களில் இருக்கிறது. 1843-இல் ஐந்தாவது சட்டம் வந்தது: அடிமை என்ற உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்காது. 1862 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தது: மனிதனை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம். ஆனால் விடுதலையான மனிதனுக்கு அந்தச் சட்டங்கள் ஒரு குழி நிலம்கூடக் கொடுக்கவில்லை. 'நீ இனி அடிமை அல்ல' என்றார்கள். குடிசை நின்ற இடமோ மிராசுதாருடையது! எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரி என்பான். இதுதான் அந்த விடுதலை.

வெளி உலகத்தைப் பாருங்கள். போலந்து நாட்டிலும் பண்ணை அடிமைகள் இருந்தார்கள். எந்தக் குடியானவன் வாரத்தில் எத்தனை நாள் பிரபுவின் நிலத்தில் சும்மா உழைக்க வேண்டும் என்று பண்ணைக் கணக்குப் புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். 1863-இல் அங்கே ஜார் ஆட்சியை எதிர்த்துக் கலகம் வெடித்தது. குடியானவன் கலகக்காரர் பக்கம் போய்விடுவானோ என்று பயந்த ஜார், 1864-இல் தன் ஆதிக்கத்தில் இருந்த போலந்தில் குடியானவன் உழுத நிலத்தை அவன் பேருக்கே எழுதித் தந்தான். ஜார் புண்ணியவான் அல்ல; பயம் அவனைக் கொடுக்கச் செய்தது. 1944-இல் புதிய மக்கள் அதிகாரம் 50 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளைப் பிரித்துக் கொடுக்க உத்தரவிட்டது. அங்கே கிராம வரலாற்றை எழுதுகிறவன் பண்ணைக் கணக்கைத்தான் முதலில் திறக்கிறான். இங்கே அதைத் திறக்காதே என்கிறார்கள்!

1892-ஆம் வருஷ உத்தரவு

1876-78 பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலர் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மொரீஷியஸுக்கும் கப்பல் ஏறினார்கள். புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியன் தீவுக்குப் போன கூலிகளும் உண்டு. இந்த நிலையில், செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததும், குடியிருக்கும் மனைகூட மிராசுதாரிடம் இருப்பதும், தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசுதார் 'எனக்கே முதல் உரிமை' என்று குறுக்கே வருவதும்தான் கேட்டுக்குக் காரணம் என்று சொன்னார். வருவாய் வாரியத்தின் பெரிய துரைகளுக்கு அது ருசிக்கவில்லை. மிராசுதாரைப் பகைத்துக்கொள்ள அவர்களுக்கு மனமில்லை. 1892-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரை விஷயம் போயிற்று.

1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை 1010 பிறந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலங்களை ஒப்படை செய்ய வழி பிறந்தது. இதன்படியும் பின்னால் வந்த விதிகளின்படியும் கொடுத்த நிலங்களைத்தான் பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று ஊரில் சொல்கிறோம். பத்து வருஷம் வரை விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம். மீறி எழுதிய பத்திரம் செல்லாது. சர்க்கார் நிலத்தை நஷ்டஈடு இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதுதான் நிபந்தனை. 1920-இல் தொழிலாளர் கமிஷனர் பதவி ஏற்பட்டு, அந்த இலாகா மூலமும் நிலமும் மனையும் கொடுக்கப்பட்டன.

"வெள்ளைக்காரன் உத்தரவைக் கம்யூனிஸ்டுகள் புகழ்கிறார்களே!" என்று சிலர் ஏளனம் செய்வார்கள். நாம் வெள்ளைக்காரனைப் புகழவில்லை. அவன் கிஸ்திக்காகவும் அமைதிக்காகவும் கணக்குப் பார்த்தான். பஞ்சத்தில் மடிந்த உயிர்களும், கப்பல் ஏறிய கூட்டமும், உள்ளூரில் கிளம்பிய முணுமுணுப்பும் அந்தத் தாளை அவனிடமிருந்து பறித்தன. ஆகவே அந்தத் தாள் நம்முடையது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விழுப்புரம் ஜில்லா பிறந்தது 1993 செப்டம்பர் 30. அரசாணை 1010 பிறந்து சரியாக 101 வருஷம்! ஜில்லாவின் பிறந்த நாள் வரும்போதெல்லாம், அந்த நாளில் பிறந்த மூத்த பிள்ளையின் கதி என்ன என்று கேட்க வேண்டியது நம் கடமை.

நிலம் எப்படிக் கை மாறியது?

திருடன் ராத்திரியில் வந்து நிலத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. பகலில், பேனாவும் மசியும் கொண்டு போனான்.

வானம் பொய்த்த வருஷத்தில் கேழ்வரகுக்குக் கடன். கடனுக்கு ஒரு வெற்றுத் தாளில் கைநாட்டு. 'நிலத்தை இரண்டு வருஷம் நான் பயிர் வைத்துக்கொள்கிறேன், கடன் கழிந்துவிடும்' என்று பேச்சு. அடுத்து, அடங்கலில் சாகுபடி செய்பவர் என்ற கலத்தில் கர்ணம் பண்ணைக்காரர் பேரை எழுதுவார். கர்ணம் யார்? பண்ணைக்காரரின் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர். பிறகு பத்திரம். நிபந்தனை நிலமா என்று பத்திர ஆபீஸில் கேட்பாரில்லை. பத்திரம் வந்தால் பட்டா மாறுதல். பேர் மாறியதும் பேரன் தன் பாட்டன் நிலத்துக்கே கூலிக்குப் போனான்!

1980-இல் கர்ணம் பதவி ஒழிந்தது. நல்லது. ஆனால் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் என்ன நேர்ந்தது? நிலத்தில் அன்று யார் இருந்தாரோ அவர் பேர் புதிய கணக்கில் ஏறியது. பழைய ரிஜிஸ்தரில் கடைசிக் கலத்தில் இருந்த 'நிபந்தனை' என்ற சொல் பல இடங்களில் புதிய கணக்குக்கு வந்து சேரவில்லை. இன்று கம்ப்யூட்டரில் பட்டா எடுத்தால் அந்தப் புதிய கணக்குத்தான் வருகிறது. அதைக் காட்டி 'பார்த்தீர்களா, சுத்தமான பட்டா!' என்கிறார்கள். பழைய தாளைத் தோண்டாதே என்ற உபதேசத்தின் ரகசியம் இதுதான்! புதிய தாளில் இல்லாதது பழைய தாளில் இருக்கிறது.

மில் தொழிலாளித் தோழர்களே, இது உங்களுக்குப் புதிதா? நீங்கள் முப்பது வருஷம் உழைத்த பிறகு, 'பழைய மஸ்டர் ரோலைக் காணோம். உங்கள் சர்வீஸ் பத்து வருஷம்தான்' என்று நிர்வாகம் சொன்னால் விடுவீர்களா? பணிக்கொடை கேட்டுக் கோர்ட்டுக்குப் போவீர்கள். கிராமத்தில் உங்கள் அண்ணன் கேட்பதும் அதுதான். மேலும் மில்லுக்கு நீங்கள் வந்ததே எப்படி? நிலம் போனதால்! புதுச்சேரியின் ரோடியர் மில்லுக்கும் மற்ற ஆலைகளுக்கும் வேலைக்குப் போனவர்களில் நம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! 1936 ஜூலை 30-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுத் துப்பாக்கிகளுக்கு 12 தொழிலாளர்கள் பலியானார்கள். அந்த ரத்தம் சிந்திய பிறகுதான் 1937-இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. 2020-இல் ரோடியர் மில்லும் மூடப்பட்டது. மில்லை இழந்தவன் திரும்பிப் போக கிராமத்தில் அரை ஏக்கர் உண்டா? இந்தக் கேள்வி மில் வாசலுக்கும் களத்துமேட்டுக்கும் பொது.

ஓட்டுக்கு உழைப்பாளி, நிலத்துக்கு யார்?

நம் வட்டார அரசியல் வரலாற்றையும் ரிக்கார்டிலிருந்தே பார்ப்போம். 1952 பொதுத் தேர்தலில் சென்னை ராஜ்ய சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152தான் கிடைத்தது. கம்யூனிஸ்டுகள் 62 இடம் பெற்றோம். தென்னாற்காட்டு வன்னியக் குடியானவர்களின் ஓட்டுகளைப் பெற்ற ராமசாமி படையாச்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம். மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சிக்கு 6 இடம். இந்த இரண்டு கட்சிகளும் யாருக்குக் கை கொடுத்தன? ராஜாஜி மந்திரிசபைக்கு! நாயகர் அந்த மந்திரிசபையில் நிலவருவாய் மந்திரியானார். படையாச்சியார் 1954-இல் காமராஜர் மந்திரிசபையில் சேர்ந்தார். உழைப்பாளி என்ற பேரால் ஓட்டு வாங்கியவர்கள் உழைப்பாளிக்கு நிலம் வாங்கித் தந்தார்களா?

1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்தில் கலவரம். தாழ்த்தப்பட்ட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். விசாரணைக் கமிஷன் வந்தது, போயிற்று. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சாலை மறியல். திண்டிவனம், விழுப்புரம் வட்டாரம் அதன் நடுக்களம். போராட்டத்தில் 21 பேர் உயிர் நீத்தார்கள். அவர்களும் கஷ்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளே. இந்த இரண்டு ரத்தத்திலும் பண்ணைக்காரன் ரத்தம் ஒரு சொட்டு உண்டா? ஏழையை ஏழை அடித்துக்கொண்டிருக்கும் வரை, நில ரிஜிஸ்தரை யாரும் திறக்கமாட்டார்கள். அதுதான் அவர்களுக்குத் தேவையான 'ஊர் ஒற்றுமை'!

நியாயமான ஒரு கேள்வி

இங்கே ஒரு கேள்விக்கு நாம் நேராகப் பதில் சொல்ல வேண்டும். "என் தகப்பனார் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் ஐம்பது சென்டு வாங்கினார். அது பஞ்சமி நிலம் என்று அவருக்குத் தெரியாது. எங்களைத் தெருவில் விடுவீர்களா?" என்று ஒரு சிறு விவசாயி கேட்கிறார். அவரை நாம் எதிரியாகப் பார்க்கவில்லை. நிலம் உரியவருக்குப் போக வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. நிபந்தனை செல்லும் என்று சென்னை ஐகோர்ட்டும் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆனால் ஏமாந்த சிறு விவசாயிக்கு மாற்று நிலம் கொடுக்க வேண்டியது சர்க்கார் பொறுப்பு. பத்திரத்தைப் பதிவு செய்தது சர்க்கார். முத்திரைத் தாள் பணம் வாங்கியதும் சர்க்கார். 1961-இன் உச்சவரம்புச் சட்டம் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1970-இல் அது 15 ஆயிற்று. அந்தச் சட்டத்தை ஏய்த்து வைத்திருப்பவர்களிடமிருந்து எடுக்கட்டும். முதலில் கை வைக்க வேண்டியது ஐம்பது சென்டுக்காரன் மேல் அல்ல. ஐம்பது ஏக்கரை வளைத்து வேலி போட்டவன் மேல்.

1994 அக்டோபர் 10-இல் செங்கற்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு இருவர் உயிர் விட்டார்கள். 2011-இல் ஓய்வு பெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் சர்க்கார் ஒரு குழு அமைத்தது. குழு வந்தது, நிலம் வந்ததா?

என்ன செய்ய வேண்டும்?

காத்திருந்து பயனில்லை. ஒவ்வொரு கிளையும் தன் ஊர் வரலாற்றைத் தானே எழுத வேண்டும். எழும்பூரில் 1909-இல் எழுந்த கட்டிடத்தில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1993 வரை நம் ஜில்லாவின் தலைநகர் கடலூர். ஆகவே பழைய கணக்கைத் தேடுவோர் கடலூர் கலெக்டர் ஆபீஸையும் மறக்கக்கூடாது. 2005-இன் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம். முப்பது நாளில் பதில் தரவேண்டும். சர்வே நம்பரைக் குறித்து, பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்தரின் நகலையும் இன்றைய 'அ' பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எழுத்துத் தெரிந்த மில் தொழிலாளி, எழுத்துத் தெரியாத விவசாயத் தொழிலாளிக்கு உரக்கப் படித்துக் காட்டட்டும். பெரியவர்கள், 'ஆமாம், அந்தப் பனைமரத்து மேடு எங்கள் அப்பன் உழுதது' என்று சாட்சி சொல்லட்டும். தாளும் நாக்கும் சேர்ந்தால்தான் வரலாறு.

சர்க்காரை நாம் கேட்பது இவை:

ஒன்று, விழுப்புரம், திண்டிவனம், மரக்காணம், வானூர், விக்கிரவாண்டி வட்டாரங்களில் ஊர் வாரியாக, சர்வே நம்பர் வாரியாகப் பஞ்சமி நிலப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டுக் கிராம சபையில் வை!

இரண்டு, பழைய நிபந்தனையைக் கம்ப்யூட்டர் கணக்கில் ஏற்று. பத்திர ஆபீஸில் அந்த நம்பர்களைப் பூட்டு!

மூன்று, பெரிய ஆக்கிரமிப்பிலிருந்து மீட்பைத் தொடங்கு. ஏமாந்த சிறு விவசாயிக்கு மாற்று நிலம் கொடு!

நான்கு, மீட்ட நிலத்தைக் கணவன், மனைவி இருவர் பேரிலும் பட்டா போட்டு, கிணறும் கடனும் கொடு!

தோழர்களே! ஏர் பிடித்த கைகளும் தறி ஓட்டிய கைகளும் இனி ரிஜிஸ்தரையும் புரட்டட்டும். அதற்கு யார் நடுங்குகிறார் என்று பாருங்கள். நிலம் யாரிடம் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.